தங்கம் மேலேயே நிற்க வேண்டும்

தாங்க முடியாத குளிரிலும் தளராமல் தலைமை தாங்கும் மாரமங்கலத்து மிளகு விவசாயி, ஐயா அங்கப்பன் அவர்களே! எஸ்டேட் வேலை முடித்து, கால் கடுக்க வந்து கடைசி வரிசைவரை நிறைந்திருக்கும் தாய்மார்களே! மஞ்சக்குட்டையிலிருந்து ஒரே ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக வந்திறங்கிய உறவுகளே! ஒண்டிக்கடை ஊர் வியாபாரிகளே! மாரமங்கலத்து மகள் கவிப்பிரியாவின் வணக்கம்.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். ‘இயற்கை விவசாய விஞ்ஞானி’! நானா? எந்த வயலில் இறங்கினேன்? எந்தச் செடிக்கு எரு வைத்தேன்? அழைக்க வந்தவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன், என் வேலை ஆர்கானிக் குறைகடத்தி என்று. “ஆர்கானிக்னா இயற்கை தானுங்களே கண்ணு? மிளகு வாடலுக்கு ரெண்டு வார்த்தை பேசிப்போடுங்க” என்றார். யார் அங்கே கைதட்டுவது? தட்டாதீர்கள், எரிச்சல் கூடுகிறது!

என் ஆர்கானிக் வேறு. அது கரிமப் பொருளால் ஆன மெல்லிய படலம். நாளைய திரைகளும் சூரியத் தகடுகளும் அதில் உருவாகும். அதற்குள் மின்சாரம் பாய, அதன் மேல் தங்கம் பூச வேண்டும். காற்றில்லாத பெட்டிக்குள் தங்கத்தை ஆவியாக்கினால் அணு அணுவாக வந்து படியும். மேலே நின்றால் பிழைப்பு. படலத்துக்குள் இறங்கி அடியில் உள்ள தகட்டைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்! அந்த அணுக்கள் எங்கே போகும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதுதான் என் தொழில்.

அதோ, முதல் வரிசையில் என் தாய் காளியாயி சிரிக்கிறார். “அத்தன தங்கத்துல ஒரு தோடாச்சும் தேறுமா சாமி?” என்பதே அவருடைய கவலை. தேறாது அம்மா, கண்ணுக்கே தெரியாது!

எங்கள் லேபில் அந்தப் பெட்டியை இயக்குபவர் ஜெப்சன். மென்மையான படலமாயிற்றே என்று மெல்ல, மெல்ல, மிக மெல்லப் பூசினார். செத்தது. இன்னும் மெல்லப் பூசினார். அதுவும் செத்தது. என் கணக்கோ கதறியது. மெல்ல வரும் அணு தனியே வருகிறது, துணையின்றி அலைகிறது, இடுக்கில் நுழைந்து உள்ளே இறங்கிவிடுகிறது. விரைந்து வந்தால் ஒன்றோடொன்று திரண்டு மேலேயே நிற்கும். “வேகத்தைக் கூட்டுங்க” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல பொம்மை ஓட்டிட்டு எனக்கு வேகம் சொல்றீங்களா, மேடம்?”

கெஞ்சினேன். படம் போட்டுக் காட்டினேன். தலையாட்டினார், பழைய வேகத்திலேயே பூசினார். ஓராண்டு போனது ஐயா! திட்டத்தையே மூடப்போகிறோம் என்று மேலிடம் மிரட்டிய பிறகுதான், கடைசிப் படலத்தை என் வேகத்துக்கு விட்டார். மீட்டரை வைத்தோம். ஷார்ட் இல்லை! நான் அழுதேவிட்டேன். ஜெப்சன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “அடுத்ததுக்கு என்ன வேகம், மேடம்?” என்றார்.

இதை முதலிலேயே கேட்டால் என்ன? தெரியாததைக் கேட்க எதற்குக் கூச்சம்? படித்தவரும் கேட்பதில்லை, பதவியில் இருப்பவரும் கேட்பதில்லை, புரிந்ததுபோல் ஒரு தலையாட்டல்! தலையாட்டித் தலையாட்டியே எத்தனை உழைப்பைத் தொலைப்போம்? கேளுங்கள்! தப்பாகவாவது கேளுங்கள்!

என்ன, தலைவர் ஐயா கை தூக்குகிறீர்கள்? மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.

“ஏனுங்க கண்ணு, அத்தன வேகமா ஆவி அடிச்சா, சூடு தாங்காம அந்தப் படலம் கருகிப்போயிராதுங்களா?”

சபையோரே, கேட்டீர்களா! இன்று காலையிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். கருகும் ஐயா! எந்த வேகம்வரை தாங்கும் என்பதைத்தான் இப்போது நானும் ஜெப்சனும் சேர்ந்து தேடுகிறோம். விடை இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டால் முதல் போன் உங்களுக்கு.

பனியில் பொறுத்திருந்த அனைவருக்கும் நன்றி. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பத்திரமாகப் புறப்படுங்கள். கேள்வி இருப்பவர்கள் மேடையேறி வாருங்கள். வணக்கம்!