மேற்குக் கோபுரத்துத் தாழ்ப்பாள்

— கோட்டை பாக்க வந்த அந்தப் பொண்ணுக்கு நான் என்னத்தைப் பதில் சொல்றது, பாஸ்தியன்? நாப்பது பேர் முன்னாடி கேட்டுட்டா. "சிறைன்னு சொல்றீங்க, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கே"ன்னு.

— நெசமாவே உள்பக்கம்தான் இருக்கா, சொலாஞ்ச் அக்கா?

— இருக்குடா! பத்தொன்பது வருசமா இந்தக் கோட்டையைச் சுத்திக் காட்டுறேன். கதவு எப்பவும் சுவரோட ஒட்டியே கிடக்கும். பின்னால என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?

— பொறுங்க, பொறுங்க. அந்தக் கதையை எனக்கும் ஒருதரம் முழுசா சொல்லுங்க. ஏட்டுக் கிடங்குல உக்காந்திருக்கிறவனுக்கு யாரு சொல்றா?

— பிரபு ரெனோ, பெண்டாட்டி இசாபோவைக் கோபுரத்துல போட்டு அடைச்சான். கோட்டை அவ அப்பன் வீட்டுச் சொத்து. எழுதிக் குடுன்னான், மாட்டேன்னா. ஏழு வருசம்டா! ஊர்ஜனம் ஜன்னல் வழியா கூடையில ரொட்டி ஏத்தித்தான் உசிரைக் காப்பாத்துச்சு. கடைசியில ஊரே திரண்டு வந்து அவனை விரட்டிடுச்சு. இந்த இடத்துல எல்லார் கையிலயும் கைக்குட்டை வந்துரும்.

— கூடை நெசம்தான்.

— அப்ப எது பொய்?

— போன மாசம் ஒரு மடத்துலேர்ந்து தோல் ஏடு ஒண்ணு வந்துச்சு. கன்னியாஸ்திரியா இருந்த தங்கச்சிக்கு இசாபோ எழுதின கடுதாசி. பழைய பாஷை, எலி வேற கடிச்சிருக்கு. நேத்துதான் முழுசா படிச்சேன்.

— போன மாசமா! எங்கிட்ட மூச்சு விடலையே, கள்ளப்பயலே.

— முதல் வரியே இடிச்சுது, உங்க கதை போயிருமோன்னு பயம் அக்கா. சனங்க அதுக்குத்தானே வர்றாங்க.

— கதை கிடக்கட்டும், படி. அவ என்னதான் சொல்றான்னு நான் கேக்கணும்.

— "தங்கச்சி, என்னை மீட்க யாரையும் அனுப்பாதே. தாழ்ப்பாள் போட்டது நான்தான். பத்திரத்துல குத்துற முத்திரை என் இடுப்புல இருக்கு. நான் உள்ள இருக்கிறவரைக்கும் கோட்டை அவன் கைக்குப் போகாது."

— அடி சக்கை! அப்ப அந்த ஏழு வருசமும்...

— அவளாத்தான் இருந்திருக்கா.

— ஐயையோ, நான் இத்தனை வருசம் சொன்னது பூரா புளுகா? எந்தப் புண்ணியவான்டா இதைக் கட்டிவிட்டான்?

— கடைசி வரி இன்னும் பாக்கி இருக்கு.

— படிச்சுத் தொலையேன்!

— "ஆனா வெளியில வேற மாதிரி சொல்லு. அவன்தான் என்னை அடைச்சு வெச்சான்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கண் கலங்கச் சொல்லு. நீ போனப்புறமும் சொல்ல ஒருத்தியைப் பழக்கிட்டுப் போ."