வலிக்காத சிக்கு

— வேற வழியே இல்லக்கா, ஒட்ட வெட்டிடுங்க. சிக்கு எடுத்துட்டு உக்காந்தா விடிஞ்சிடும்.

— விடியட்டுமே, கடை என்னோடதுதானே தம்பி. இடுப்பு வரைக்கும் வளந்த முடி. கண்ணு, நீ சொல்லு, வெட்டிடலாமா?

— பரவாயில்ல ஆன்ட்டி.

— பரவாயில்லன்னா வெட்டணுமா, வேணாமா?

— அப்பாவுக்கு எது சுலபமோ அது.

— பாத்தீங்களாக்கா? ஏழு வயசுல இப்படி ஒரு சமத்த எங்கயாவது பாத்திருக்கீங்களா? தானே எழுந்துக்கும், தானே பள்ளிக்கூடம் போயிடும். எனக்கு ராத்திரி ஷிப்டு, வீட்டுக்கு வந்தா கண்ணு சொக்கிடும். அவங்கம்மா தவறினதுலேருந்து எனக்கு ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல.

— ராத்திரி துணைக்கு யாரு?

— வெளிய பூட்டிட்டுதான் போவேன். டிவி பாத்துட்டு அதுவா தூங்கிடும்.

— சாப்பாடு, கண்ணு?

— பன்னு இருக்கும். இல்லன்னா தண்ணி குடிச்சுட்டுப் படுத்துப்பேன். பரவாயில்ல.

— பன்னு இல்லன்னு நீ என்கிட்ட சொல்லவே இல்லையே பாப்பா?

— நீங்க தூங்கிட்டு இருந்தீங்கப்பா.

— தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. இந்தப் பின்னந்தலையப் பாருங்க. முடி கெட்டியாகி, அடியில பேன் கடிச்சுப் புண்ணாயிருக்கு. வந்ததுலேருந்து சீப்பால இழுத்துட்டிருக்கேன். இங்க வர்ற வாண்டுங்க சீப்பப் பாத்தாலே ஊரக் கூட்டும். இது ஒரு முனகல் முனகல.

— அதான் சொல்றேனே, சமத்து.

— சமத்து இல்ல தம்பி. அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்ட புள்ள.

— அக்கா, நான் இவ மேல ஒரு நாள்கூட கை ஓங்கினதில்ல.

— தெரியுது. ஆனா பாக்கவும் இல்லையேப்பா.

— வேலைய விட்டா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும். என்ன பண்ணச் சொல்றீங்க?

— விடச் சொல்லல. பகல் ஷிப்டு கேளுங்க. அதுவரைக்கும் ராத்திரிக்கு ஒரு ஏற்பாடு வேணும். குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நாளைக்கு நானும் கூட வர்றேன்.

— புள்ளையப் பிரிச்சிட மாட்டாங்களே?

— நீங்களா போய்க் கேட்டா உதவிதான் முதல்ல பாப்பாங்க. நீங்க போகலன்னா நான் போவேன். முதுகுக்குப் பின்னால இல்ல, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.

— வர்றேன்க்கா. நாளைக்கே போலாம். இந்தப் புண்ண முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்.

— அப்ப இந்தாங்க, சீப்பப் பிடிங்க.

— நானா? எனக்கு இதெல்லாம் வராதே.

— வரும். முடி வேர ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல. புண்ணு இருக்கற பக்கம் எனக்கு விடுங்க. கண்ணு, வலிச்சா சொல்லு, என்ன? அப்பா உடனே நிறுத்திடுவாரு.

— நிஜமாவாப்பா?

— நிஜமா பாப்பா. இப்ப வலிக்குதா?

— பரவாயில்ல.

— இப்ப? தோளக் குறுக்கறியே. நான் நிறுத்திட்டேன் பாரு. சொல்லும்மா.

— வலிக்குதுப்பா. ரொம்ப நாளா வலிக்குது.