யூதாசு நாற்காலி

புஷ்பம்: காலை இழுக்காதீங்கன்னு எத்தனை வாட்டிங்க சொல்றது?

சிங்கராயர்: கூசுது புள்ள.

புஷ்பம்: கல்லும் முள்ளும் மெதிச்ச காலு. இதுல கூச்சம் வேறயா...

சிங்கராயர்: குதிகால்ல தேய்ச்சா ஒண்ணும் தெரியலை. நடுவுல தேய்ச்சாத்தான்...

புஷ்பம்: நடுவுலதான் எஸ்டேட்டு மண்ணு முச்சூடும் குடியிருக்குது. கொஞ்சம் பொறுத்துக்குங்க.

சிங்கராயர்: தண்ணி ஆறிப்போச்சு.

புஷ்பம்: ஆறட்டும். இனியும் விறகு வைக்க முடியாது. அடுப்புல உங்களுக்குக் கஞ்சி கொதிக்குது.

சிங்கராயர்: கண்ணாயி என்ன கேட்டா தெரியுமா? வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு நீ காலைத் தேய்க்கறதையே பாத்துட்டிருந்தா, நீ கஞ்சி வைக்க உள்ள போனப்பக் கேட்டா.

புஷ்பம்: என்ன கேட்டாளாம்?

சிங்கராயர்: 'இன்னிக்குப் பெரிய வியாழன், உங்க சேசு சீடருங்க காலைக் கழுவுனாப்புல சாயங்காலம் கோயில்ல சாமியாரு பன்னண்டு பேரு காலைக் கழுவி உடுவாருங்கறீங்க. அப்பறம் எதுக்கு ஊட்டுலயே ஒருக்கா கழுவிட்டுப் போறீங்க'ன்னா.

புஷ்பம்: நீங்க என்ன சொன்னீங்க?

சிங்கராயர்: எனக்கும் அதே சந்தேகந்தான் கண்ணாயின்னேன்.

புஷ்பம்: நல்லாச் சொன்னீங்க. வெடிப்பும் சேறுமா சாமியாரு கையில நீட்டுவீங்களா? போன வருசம் உக்காந்தவங்க பவுடரே போட்டுட்டு வந்தாங்க, பதினோரு பேரும்.

சிங்கராயர்: எல்லா அழுக்கையும் நீயே கழுவிட்டா அவரு எதைக் கழுவுவாரு?

புஷ்பம்: வாயி மட்டும் கொறைச்சல் இல்ல.

சிங்கராயர்: வாயின்னதும் ஞாபகம் வந்துச்சு. காலையிலருந்து உன்ற வாயில மொளகைக் காணோமே?

புஷ்பம்: கோவம் வந்தாத்தான மொளகு.

சிங்கராயர்: சாம்பல் புதன்லருந்து முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தியே. கோவம் வர்றப்பல்லாம் ஒண்ணை எடுத்து நாக்குக்கு அடியில வச்சுக்குவே... அது எங்க?

புஷ்பம்: தீந்து போச்சு.

சிங்கராயர்: மொளகுக்கொடி ஏறின மரமா எஸ்டேட்டு முச்சூடும் நிக்குது. மொளகு தீந்து போச்சா?

புஷ்பம்: குனிஞ்சு குனிஞ்சு என்ற முந்தானையப் பாக்காதீங்க. தவக்காலத்துக்கு நான் ஒறுத்தல் புடிச்சா அது எனக்கும் ஆண்டவருக்கும்.

சிங்கராயர்: எனக்கும்தான். நாப்பது வயசுலருந்து நான் வாங்குன திட்டெல்லாம் இந்தத் தவக்காலத்துலதான் நின்னுச்சு. மொளகுக்கொடியப் பாத்தா நான் கும்புட்டுட்டுத்தான் போறேன்.

புஷ்பம்: குடிச்சீங்க, திட்டுனேன். இப்பக் குடிக்கறதில்ல. ஆனா திட்டுன நாக்கு சும்மா இருக்க மாட்டேங்குதே... கோழியத் திட்டுது, கண்ணாயி ஆட்டைத் திட்டுது. அதுக்குத்தான் மொளகு.

சிங்கராயர்: அந்தப் பழந்துண்டு எதுக்கு மடியில? ஓரத்துல கறையாட்டம் இருக்குது.

புஷ்பம்: தொவைச்ச துண்டுதான். கால் தொடைக்கப் பட்டா கேக்குது உங்களுக்கு?... ஏனுங்க.

சிங்கராயர்: ம்.

புஷ்பம்: எந்தச் சேருல உக்காரச் சொல்லியிருக்காங்க?

சிங்கராயர்: எந்தச் சேரா இருந்தா என்ன. எல்லாம் ஒரே பிளாஸ்டிக்குதான்.

புஷ்பம்: கடைசிச் சேராமே.

சிங்கராயர்: யாரு சொன்னா?

புஷ்பம்: ஒண்டிக்கடை பஸ்டாப்புல மீன் வாங்குறப்பக் காதுல உழுந்துச்சு. 'இந்த வருசம் யூதாசு நம்ம சிங்கராயருதானாமா'ன்னு ஒருத்தி சிரிக்கறா.

சிங்கராயர்: சிரிச்சுட்டுப் போறா.

புஷ்பம்: அப்படி உட்டற முடியுமா? பன்னண்டாவது சேரு யூதாசு சேருன்னு பசங்க பேரு வச்சு எத்தனை காலமாச்சு. அதுல ஒருத்தரு உக்காந்தா அடுத்த பெரிய வியாழன் வரைக்கும் அவரு யூதாசுதான். பஸ்ஸுல எடம் போடறப்பக் கூட 'யூதாசு மாமாவுக்குக் கொஞ்சம் தள்ளுங்க'ன்னு... போன வருசம் சவரிமுத்து அண்ணன் அதுக்குப் பயந்துதான காச்சல்னு படுத்துட்டாரு.

சிங்கராயர்: காச்சல் நெசந்தான்னு அவரு இன்னும் சொல்லிட்டிருக்காரு.

புஷ்பம்: வெளையாடாதீங்க. குடியை உட்டு, சட்டையத் தொவைச்சுப் போட்டு, நாலு பேரு மத்தியில தலை நிமுந்து நடக்கற மனுசனுக்குக் குடுக்கற மருவாதியா இது? இத்தனை பேரு முன்னாடி அந்தச் சேருல உக்காரவச்சு... நீங்களும் மனசு வெறுத்துப் போயி மறுபடியும்...

சிங்கராயர்: மறுபடியும்?

புஷ்பம்: ஒண்ணுமில்லீங்க.

சிங்கராயர்: சொல்லு. மறுபடியும் குடிக்கப் போயிருவனோன்னு பயம்.

புஷ்பம்: ... பயந்தானுங்க. பொழுது எறங்கிப் பனி மூடுச்சுன்னா எனக்கு இன்னும் கண்ணு வாசல்லயேதான் கெடக்குது. செருப்புச் சத்தம் நேரா வருதா, இழுத்துட்டு வருதான்னு காது கேட்டுக்கிட்டே இருக்குது.

சிங்கராயர்: எனக்கு மட்டும் பயம் இல்லீங்கறியா?

புஷ்பம்: உங்களுக்கா?

சிங்கராயர்: ஒண்டிக்கடையில பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் இருக்குதே... பனி எறங்கும், நாக்கு வறளும். காலு தானா சாராயக்கடைப் பக்கம் திரும்பும். அப்பச் சட்டைப் பையில கையை உட்டுச் செபமாலையப் புடிச்சுக்குவேன்.

புஷ்பம்: செபம் சொல்லுவீங்களா?

சிங்கராயர்: அந்நேரத்துக்கு எந்தச் செபம் வாயில வருது? புடிச்சுக்குவேன், அவ்வளவுதான். வேலி முள்ளைப் புடிச்சாப்புல இறுக்கி. வளைவுல பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டு வந்துச்சுன்னா வானத்துலருந்து சம்மனசு எக்காளம் ஊதுனாப்புல இருக்கும் எனக்கு.

புஷ்பம்: இத்தனை நாளா இதை ஏனுங்க சொல்லலை?

சிங்கராயர்: சொன்னா நீ பஸ்டாப்புக்கு வந்து நிப்பே.

புஷ்பம்: நிப்பேன்தான்.

லூர்துராஜ்: அண்ணா... அக்கா... உள்ள வரலாமுங்களா?

சிங்கராயர்: வா லூர்துராஜு. உபதேசியாரு வாசல்லயே நின்னா எப்படி?

லூர்துராஜ்: இல்லீங்கண்ணா, அக்கா வாயில மொளகு இருக்குதுங்களான்னு தெரிஞ்சுக்கிட்டு வரலாம்னு...

புஷ்பம்: தம்பி...

சிங்கராயர்: ஏன், என்னாச்சு?

புஷ்பம்: ஒண்ணும் ஆவலை. துண்டு எடுத்துட்டுப் போவ வந்திருக்காரு. கட்டில் மேல இஸ்திரி போட்டு வச்சிருக்குது தம்பி, பன்னண்டும்.

லூர்துராஜ்: அப்ப அண்ணனுக்கு இன்னும் சொல்லலீங்களா?

சிங்கராயர்: என்னத்தை?

லூர்துராஜ்: காலையில பீடத்துக்குப் பூக் கட்டிட்டு இருந்தமுங்க. அக்கா வந்தாங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்தாங்க, மொளகை வாயில போட்டாங்க. கடைசிச் சேரு உங்களுக்குத்தான்னு நான் ஆமான்னதும் மொளகைக் கையில துப்பிட்டாங்க.

சிங்கராயர்: அடடா.

லூர்துராஜ்: 'என்ற ஊட்டுக்காரரு எவனை முப்பது காசுக்குக் காட்டிக் குடுத்தாரு? சொல்லுங்க உபதேசியாரே'ன்னு கேட்டாங்க பாருங்க... மணிக்கூண்டுப் பொறாவெல்லாம் பறந்துருச்சுங்க.

சிங்கராயர்: புஷ்பம்... பெரிய வியாழன் அன்னிக்கா?

புஷ்பம்: ... ஆமாங்க. தவக்காலம் பூராக் காத்து வச்சதைக் கோயில் வாசல்லயே கொட்டிட்டேன்.

லூர்துராஜ்: பரவால்லீங்கக்கா. நான் வந்தது அதுக்கில்ல. அண்ணனுக்கு ரெண்டாஞ் சேரு போட்டாச்சு, மொத சீடரு இராயப்பரு சேருக்குப் பக்கத்துல. கடைசிச் சேருல நானே உக்காந்துக்கறனுங்க. பசங்க என்னை ஏற்கெனவே பல பேரு சொல்லிக் கூப்புடுறாங்க, அதோட இதுவும் ஒண்ணு.

சிங்கராயர்: வேண்டாம்.

லூர்துராஜ்: அண்ணா...

சிங்கராயர்: கடைசிச் சேரு எனக்குத்தான். மாத்தாதே.

புஷ்பம்: அதான் தம்பி மனசு எறங்கி மாத்திட்டாருல்லங்க. ஏன் புடிவாதம்?

சிங்கராயர்: லூர்துராஜு, நாம பேசிக்கிட்டது என்ன?

லூர்துராஜ்: நான் வாயத் தொறக்கலீங்கண்ணா. அக்கா அவ்வளவு பேசுனப்பக்கூட...

புஷ்பம்: எதைத் தொறக்கலை?

லூர்துராஜ்: நான் கெளம்பறனுங்க. துண்டு எங்கீங்க... இதுங்களா? நல்லா வெள்ளையா இருக்குது. போன வருசம் ஒண்ணு கொறைஞ்சு போச்சே, அது கெடைக்கவே இல்லீங்களாக்கா?

புஷ்பம்: அதுக்குத்தான் புதுசு வாங்கிச் சேத்துட்டனே. தம்பி... காலையில பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க. நான் நொம்ப மோசமாப் பேசிட்டேன்.

லூர்துராஜ்: சாமியாரு நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவாருங்க. வரிசையில எனக்கும் ஒரு எடம் புடிச்சு வைங்க. நீங்க வெளிய திட்டுனீங்க, நான் உள்ளுக்குள்ள உங்களைத் திட்டுனேன். வர்றனுங்கண்ணா.

சிங்கராயர்: போயிட்டு வா சாமி.

புஷ்பம்: ... போயிட்டாரு. இப்பச் சொல்லுங்க.

சிங்கராயர்: தண்ணி சில்லுனு ஆயிருச்சு புள்ள.

புஷ்பம்: சொன்னாத்தான் காலை வெளிய எடுக்க உடுவேன்.

சிங்கராயர்: அந்தச் சேரை யாரும் எனக்குக் குடுக்கலை. நானாக் கேட்டு வாங்குனேன்.

புஷ்பம்: நீங்களாவா? எதுக்குங்க?

சிங்கராயர்: போன வருசம் இதே நாளு. நீ உள்ள, பொம்பளைங்களோட ஆராதனையில உக்காந்திருந்தே. நான் ஒண்டிக்கடையிலருந்து... எப்படி வந்தேன்னு தெரியலை. எங்கயோ கல்லுல இடிச்சுப் பெருவெரல் நகம் பேந்துருச்சு. ஒரு கால்ல செருப்பும் இல்ல. மழை வேற புடிச்சுக்கிச்சு.

புஷ்பம்: ம்.

சிங்கராயர்: கோயிலுக்குப் பின்னாடி தாவாரத்துல சேரையெல்லாம் தூக்கி வச்சிருந்தாங்க. ஒண்ணுல உக்காந்தேன். சாமியாரு மிச்சத் தண்ணியக் கொட்டறதுக்குப் பின்பக்கமா வந்தாரு. கையில ஜக்கும் தாம்பாளமும், தோள்ல துண்டும்... என்னையப் பாத்தாரு. கொட்டலை. 'சவரிமுத்து வராம ஒரு சேரு காலியாவே நின்னுச்சு, அதுலதான் உக்காந்திருக்கீங்க'ன்னாரு. அப்படியே அங்கியோட சேத்துல மண்டி போட்டாரு. நான் காலை இழுத்தேன். 'குடிச்சிருக்கறேன் சாமி'ன்னேன். 'தெரியுது சிங்கராயரே. காலைக் குடுங்க'ன்னாரு.

புஷ்பம்: புத்தி ஏதாச்சும்...

சிங்கராயர்: ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன், நீ சொன்னதையே கேக்காதவன். கழுவுனாரு, தொடைச்சாரு. அந்த ரத்தக் காலுல முத்தம் வச்சுட்டு உள்ள போயிட்டாரு. நான் அங்கயே உக்காந்து... அழுதனோ என்னமோ.

புஷ்பம்: அதனாலயா அந்தச் சேரு?

சிங்கராயர்: யூதாசு காலையும்தான ஆண்டவரு கழுவுனாரு புள்ள. தெரிஞ்சேதான் கழுவுனாரு. கழுவுன பொறவும் அவன் எந்திரிச்சு இருட்டுல போயிட்டான். நான் போவலை. தெனமும் பஸ்டாப்புல, போவாம நிக்கறதுக்கு ஒருத்தரு என்னையப் புடிச்சிருக்காரு. அந்தச் சேருல உக்காந்து அவருக்கு ஒரு நன்றி சொல்லோணும். ஊரு யூதாசுங்கட்டும். எனக்கு அது பெரிய பேரு.

புஷ்பம்: இவ்வளவையும் என்கிட்ட மறைச்சுட்டீங்களே.

சிங்கராயர்: அந்தோணியாருக்குச் செவ்வாக்கெழமை மெழுகுத்திரி ஏத்தித்தான் நான் திருந்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தே. நடுவுல நான் புகுந்து அவரு பேரைக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்.

புஷ்பம்: காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்கறவரு அவருதானுங்க. அவரு பேரு கெடாது... காலை மேல எடுங்க.

சிங்கராயர்: அந்தத் துண்டுலயா தொடைக்கப் போறே? கறை இருக்குதுன்னு சொன்னனே.

புஷ்பம்: இருக்கட்டும்.

சிங்கராயர்: மூலையில சிவப்பு நூல்ல சிலுவை தைச்சிருக்குது. இது கோயில் துண்டாச்சே புஷ்பம்... எப்படி இங்க வந்துச்சு?

புஷ்பம்: அன்னிக்கு நீங்க சேத்துல பொரண்ட சட்டையோட வந்தீங்க. வேட்டி முச்சூடும் சேறு, கால் ரெண்டு மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. மறுநா கோயில் துணி தொவைக்கறப்பப் பாத்தேன்... பதினோரு பேருதான் உக்காந்தாங்க, ஒரு துண்டு தொடாம இருக்கோணும். அதுதாங்க எல்லாத்தையும் விட அழுக்கா இருந்துச்சு, ரத்தமும் சேறுமா. அலசி அலசிப் பாத்தேன், கறை போவலை. எனக்கும் போவ வேண்டாம்னு தோணிருச்சு. புதுசு ஒண்ணு கோயிலுக்கு வாங்கி வச்சுட்டு இதை என்ற பொட்டியில வச்சுக்கிட்டேன், நீங்களாச் சொல்ற அன்னிக்கு எடுக்கலாம்னு... இன்னிக்கு மனசு கேக்காம நானே முந்தி எடுத்துட்டேன். சரி, அந்தக் காலையும் குடுங்க.