பக்கத்து சீட்டு

ராத்திரி மணி ஒன்று இருக்கும். ஆற்றை ஒட்டிய சாலை... ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. அதில் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத வண்டி.

ஓட்டியவர் என் தோழியின் பெரியப்பா. எல்லாரும் தள்ளி உட்காருங்கள், போர்வையை எனக்கும் கொஞ்சம் விடுங்கள். சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு அந்த மாதிரிக் கார்கள் என்றால் உயிர். துருப்பிடித்த ஒன்றை வாங்குவார், சரிசெய்வார், விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார். வாழ்க்கையே அப்படித்தான் ஓடியது. "எண்ணெய் சொட்டலைன்னா உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்" என்று, ஒழுகும் வண்டிக்குப் பெருமை வேறு.

இந்தப் பச்சைக் காரை மட்டும் அவர் விற்கவில்லை. இதன் தோல் சீட்டுகளைத் தைத்தவள் பெரியம்மா. நூலுக்குத் தேன்மெழுகு தடவித் தடவி, அவள் கட்டைவிரலிலேயே அந்த வாசனை தங்கிவிட்டது.

"ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"உனக்குக் கால் எட்டாதுடி. நீ ராணி மாதிரி பக்கத்துல உக்காரு."

பெரியம்மா குள்ளம். சீட்டு இரும்புத் தடத்தில் பல் பல்லாக நகரும். பக்கத்து சீட்டு அவளுக்காக எப்போதும் முன்னால், கடைசிப் பல்லில் நிற்கும். ஒருநாள் ஏறி உட்கார்ந்தால்... கால் முன்பக்கம் எட்டவேயில்லை. சீட்டு முழுதாகப் பின்னால் போயிருந்தது. நெட்டையான யாரோ...

"யாரு உக்காந்தா?"

"யாரும் உக்காரல. வயரைப் பாக்க நான்தான் தள்ளினேன்."

அவள் சீட்டைப் பிடித்து, டக்... டக்... என்று முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அவள் நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் மறுபடியும் அதே கேள்வி. பெரியப்பா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், யாரும் உட்காரவில்லை என்று. மறுநாள் அவள் இல்லை.

"அடப்பாவி மனுஷா!"

கதையைக் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன்.

முதலில் சொன்னேனே, அந்த ஆற்றோரச் சாலை இரவு, அவர் அந்த நெட்டைக்காரியை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பெட்ரோல், தோல், சூடேறிய எண்ணெய்... வண்டியின் வழக்கமான வாசனைகள். நடுவில், திடீரென்று, தேன்மெழுகு.

டக்.

காலிச் சீட்டு ஒரு பல் முன்னால் வந்தது. டக்... டக்... தடத்தின் முனைவரை வந்து நின்றது.

காரை நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். சீட்டின் கொக்கி இறுக்கமாகத்தான் இருந்தது. அதை விடுவித்துப் பின்னால் தள்ளினார். மறுபடி நகராமல் இருக்க, அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது டிரைவர் சீட்டு... டக்... டக்... குள்ளமான ஒருத்திக்குப் பெடல் எட்டும் தூரம்வரை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இன்ஜின் உறுமியது.

வழியெல்லாம் ஒரே கேள்விதானாம். கத்தல் இல்லை, அழுகை இல்லை. "யாரு உக்காந்தா?"

"அய்யோ, உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேக்கா!"

சொல்லவில்லை. "யாரும் உக்காரல" என்றுதான் சொன்னாராம். பழக்கதோஷம்.

விடிந்தபோது கார் வீட்டு ஷெட்டில் நின்றது. பக்கத்து சீட்டில் அவர். ஸ்டியரிங்கில், மெழுகில் பதிந்த ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை.

பேட்டரியைக் கழற்றினார். ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

அன்று இரவு செல்போன் அடித்தது. நெட்டைக்காரி.

"ஏங்க, எங்க வீட்டு வாசல்வரைக்கும் வந்துட்டு உள்ள வராம ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

அவர் போனைக் காதில் வைத்தபடியே ஷெட்டுக்கு ஓடினார். பூட்டு அப்படியே தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். தரையில் நாலு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தது.

"பேச மாட்டீங்களா? கோவமா? எனக்காக சீட்டைப் பின்னாடி தள்ளியெல்லாம் வெச்சிருக்கீங்க... இருங்க, இதோ வந்து உக்கார்றேன்."

அவர் கத்த வாயெடுப்பதற்குள், போனுக்குள் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

அப்புறம்...

டக்.