கீழத்தெரு ஏழாம் வீட்டில் ஐந்து பேர்

நடந்துகொண்டே பேசலாமா ஐயா? உட்கார்ந்தால் என் கால் ஆட ஆரம்பித்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று என் மனைவி கஸ்தூரி தினம் சொல்வாள்.

என் பெயர் சுப்பராயலு. உறுவையாற்றில் தலைக்கணக்கு எடுப்பவன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எதையும் பாதியில் விட்டால் எனக்கு நிலைகொள்ளாது.

வில்லியனூர் கொம்யூன் கச்சேரியில் இருக்கும் அந்த இயந்திரத்துக்குப் பிரெஞ்சுத் துரைமார் ஏதோ பெயர் வைத்தார்கள். ஜனங்கள் பெரியவர் என்றார்கள். வீட்டுக்கு ஓர் அட்டை. எத்தனை பேர், எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எல்லாவற்றுக்கும் அதில் துளைகள். அட்டைகளை உள்ளே விட்டால் பெரியவர் யோசித்துச் சீட்டு அடித்துத் தருவார். யார் வயலுக்கு எந்தக் கிழமை தண்ணீர், யார் கரும்பு போடலாம், எந்த வீட்டுப் பெண்ணை எந்த வீட்டில் கொடுக்கலாம், எல்லாம் சீட்டில் வந்துவிடும். முதலில் ஊரே முணுமுணுத்தது. மூன்று போகம் தப்பாமல் விளைந்ததும் வாயை மூடிக்கொண்டது. என் தங்கை கல்யாணத்தையும் சீட்டுப்படிதான் நடத்தினேன். அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் பிள்ளைகள் நல்ல திடம்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் மணவாளன். மாமனார் நிலத்தில் அரைக்காணி குறைத்து ஒரு பொய்த் துளை போட்டார். பெரியவர் கண்டுபிடித்து அவர் அட்டையைக் கழித்துவிட்டார். அடி உதை ஒன்றும் இல்லை. அட்டை இல்லாதவனுக்கு அரிசி கிடையாது, தண்ணீர் கிடையாது. அவனுக்குக் கொடுப்பவன் அட்டையும் கழியும், அவ்வளவுதான். நாற்பது நாள் ஊருக்குள் சுற்றிச் சுற்றி நடந்தார். என் வாசலுக்கும் வந்தார். அவர் போகும்வரை நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு வேலை எனக்கு வந்தது. ஏழு வருஷத்தில் ஒரு பிழை இல்லை. மாதாமாதம் கச்சேரிச் சுவரில் பிழையில்லாதவர் பட்டியல் ஒட்டுவார்கள், என் பெயர் தவறியதே இல்லை. எனக்கு அது பெருமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ணிச் சொல்லமாட்டார்கள், கண் பட்டுவிடும். முடி இறக்காத பிள்ளையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எத்தனை பிள்ளை என்றால் மடியில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வார்கள். கேட்பவனும் மடியைப் பார்க்கமாட்டான். கோயிலில் முடி இறக்கியதும் புதுப் பிறப்பு என்று துளை போடுவேன். உறுவையாற்றுப் பிள்ளைகள் பிறக்கும்போதே நடக்கின்றன என்று பெரியவர் நினைத்திருக்கலாம். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கீழத்தெரு ஏழாம் வீடு ராமுவுடையது. அவன் மனைவி அம்சவள்ளி எனக்குப் பங்காளி வகையில் தங்கை. புருஷன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேர் என்பது அட்டை. அதற்குப் பிறகு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று பெயர் வைத்தார்கள். பெண் குழந்தை. முடி இறக்கினால் எமன் கண்ணில் பட்டுவிடுவாளோ என்று அம்சவள்ளி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

குப்புவுக்கு இரண்டு வயதானபோது பெரியவர் சீட்டு அனுப்பினார். ஏழாம் வீட்டில் ஐந்து பேருக்குமேல் அரிசி செலவாகிறது, நேரில் பார் என்று. போனேன். குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"ண்ணா, இத மட்டும் எண்ணாதீங்கண்ணா. ரெண்டு போயிட்ச்சி. முடி எறக்கிட்டு நானே வந்து சொல்றேன்" என்றாள் அம்சவள்ளி.

நேரில் பார்த்தேன், ஐந்து பேர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன். என்னிடம் இரக்கம் இல்லை என்று வெளியே பேசுகிறார்களாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

போன ஆவணியில் ஒருவழியாக முடி இறக்கினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இப்பப் போட்டுடுங்கண்ணா. ஆறு பேருன்னு."

நான் துளைபோடும் கருவியை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். மற்ற வீடுகளில் பெரியவர் கேள்வி கேட்டதில்லை. இந்த வீட்டில் கேட்டிருக்கிறார். நானும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது ஆறாவது துளை விழுந்தால் அரிசிக் கணக்கையும் என் கையெழுத்தையும் சேர்த்துப் பார்ப்பார். எனக்கு மணவாளன் ஞாபகம் வந்தது. பயந்துவிட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாண்ணா, ஒரு ஓட்ட போட இம்மாம் நாளா?"

நானும் சிரித்தேன்.

கார்த்திகையில் சங்கராபரணி ஆறு கரையை உடைத்தது. பொழுது விடியும்போது தெருவில் முழங்கால் தண்ணீர். அதற்குள் பெரியவர் எல்லாம் கணக்குப்போட்டு வைத்துவிட்டார். எத்தனை ஓடம், எத்தனை நடை, எந்த ஓடத்தில் எந்த வீடு, வீட்டுக்கு எத்தனை பேர். மற்ற தெருக்காரர்கள் ஒரு சிராய்ப்பு இல்லாமல் வில்லியனூர் போய்ச் சேர்ந்தார்கள். கீழத்தெருவின் கடைசி நடைக்குப் பன்னிரண்டு பேர். ஓடம் தள்ளியவர் ஆதிமூலம். சீட்டுகளோடு நான் நின்றேன். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

ஏழாம் வீட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். குப்பு ராமுவின் தோளில் இருந்தாள்.

சீட்டில் ஐந்து பேர் என்றேன்.

ஆதிமூலம் என்னைப் பார்த்தார். "கையளவு கொயந்த, கணக்கரே. மடில குந்திக்கும். ஓடம் தாங்கும்."

தாங்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அக்கரையில் சிப்பாய் தலை எண்ணி இறக்குவார். அதிகமாக ஒரு தலை இறங்கினால் அன்றைக்கே பெரியவருக்குப் போய்விடும். பெரியவர் சொன்னது ஐந்து என்று மறுபடியும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ராமு சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷப் பழக்கம் அப்படி.

அம்சவள்ளிதான் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மூணையும் இட்டுக்கினு நீங்க போங்க. நாங்க அடுத்த ஓடத்துல வரோம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்த ஓடம் வருமில்லண்ணா?"

வரும் என்றேன்.

அதுதான் கடைசி ஓடம். ஆதிமூலத்துக்குத் தெரியும், அவர் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவள்ளியின் இடம் காலியாகவே வந்தது. சிப்பாய் பதினொரு பேரை எண்ணி இறக்கினார். ஒருவர் வர மறுத்தார் என்று எழுதிக் கொடுத்தேன். குறைந்தால் கேட்கமாட்டார்கள், கூடினால்தான் கேட்பார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் கரும்புத் தோட்டத்தில் கிடைத்தார்கள். குழந்தையைத் தன் இடுப்போடு முந்தானையால் கட்டியிருந்தாள். புதைக்கவும் சீட்டு வேண்டும் அல்லவா? ராமு என்னிடம் வந்தான். அம்சவள்ளிக்குச் சீட்டு கொடுத்தேன். குழந்தைக்கும் கேட்டான். எந்த அட்டையைப் பார்த்துக் கொடுப்பது? முடியாது என்றேன். அப்போதுதான் அவன் தெருவில் நின்று கத்தினான். ஏழு வருஷத்தில் உறுவையாற்றில் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை ஐயா. ஓடத்தில் இடம் இருந்தது. தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஓடம் வரும் என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். அந்தச் சாவு என் கையால் நடந்தது. காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். இரண்டு பேரைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று என்று போடுங்கள் ஐயா. குப்புவுக்கு அட்டை கிடையாது.