உன் கைக்கு மட்டும் எரியுற லைட்டு

இல்லம்மா, நீதான் ஓட்டணும். நான் ஓட்டினா மீட்டர் பக்கத்துல அந்த இன்ஜின் கோளாறு லைட்டு வரவே மாட்டேங்குது. உன் தம்பி ஓட்டினான், வரல. நாளைக்கு வேலைக்கு வர்றேன்னு சொன்னாரே புது டிரைவர், அவரும் ஒரு ரவுண்டு போய்ப் பாத்தார், அவருக்கும் வரல. நீ உக்காந்தாத்தான் அந்த மகாராணி முகத்தைக் காட்டுறா. வராத லைட்டை வெச்சுக்கிட்டு நான் எந்த வயரைன்னு போய்த் தேட? பல்லு வலிக்குதுன்னு போவோம், டாக்டர் முன்னாடி உக்காந்ததும் வலி காணாமப் போயிடும்ல, அந்தக் கதைதான். அதனால சாவியைப் போடு. லைட்டு ஏன் வருதுன்னு கண்டுபிடிச்சதும் இறங்கிக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

சீட்டை எப்பவும் எங்க வெச்சுப்பியோ அங்கயே வெச்சுக்க. கண்ணாடியையும் சரி பண்ணிக்க, உன் தம்பி ஓட்டிட்டு எல்லாத்தையும் வானத்தைப் பாக்க வெச்சிருக்கான். ஆங், அவ்ளோதான். போலாம்.

பின்னாடியா? சிமெண்ட் மூட்டைதான். காலி வண்டில போனா எப்படி லைட்டு வரும்? பாரம் இருந்தாத்தானே வண்டிக்கும் மூச்சு வாங்கும், நோவும் வெளிய தெரியும். அட, உனக்கா சொல்லித் தரணும்? நம்ம ரெண்டு பேருல லாரி டிரைவர் நீதான். நான் படுத்துக்கிட்டே வேலை பாக்குற ஆளு. வண்டிக்கு அடியில போனா எனக்கு எல்லாம் தெரியும், மேல வந்தா கியர் எதுன்னு தடவணும்.

இடது பக்கம் ஸ்கூட்டர் வர்றான். பாத்துட்டியா? சரி சரி. நான் சும்மா சொன்னேன்.

லைட்டையே பாக்காதம்மா. லைட்டைப் பாக்குறது என் வேலை, ரோட்டைப் பாக்குறது உன் வேலை. அதுக்குத்தானே ரெண்டு பேரா வந்திருக்கோம்.

இந்த லைட்டுக்கு நான் என்னென்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? ஸ்கேனரை மாட்டினா, ஆக்சிலேட்டர் பெடல்ல இருந்து சிக்னல் விட்டு விட்டு வருதுங்குது. சரின்னு பெடலையே மாத்தினேன். உனக்குத் தெரியுமே, மாத்தின மறுநாளே நீ ஓட்டிட்டுப் போகும்போது ஜம்முனு எரிஞ்சுது. பேட்டரி முனையைச் சுரண்டினேன். ஃபில்டரை மாத்தினேன். பட்டறை எலக்ட்ரீசியன் வந்து ஒரு மணி நேரம் மோவாயைத் தடவிட்டு, டீசல்ல கலப்படம்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவருக்கு எது வந்தாலும் கலப்படம்தான். ஃபேன் ஓடலைன்னாலும் கரண்ட்டுல கலப்படம்பார். உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? மாமா, அந்த லைட்டு மேல கறுப்பு டேப்பை ஒட்டிட்டா எரியாதுல்லன்னான். ஒட்டியும் வெச்சிருந்தான், பாவி. நான்தான் பிச்சு எடுத்தேன்.

சிரிச்சியா? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சரி, சிரிக்கல.

அவன் டேப் ஒட்டினதுகூட எனக்குக் கோவம் இல்ல. அக்கா கைக்குத்தான் வருதுன்னு ஒரு வார்த்தை விட்டான் பாரு, அதுதான். அவன் விளையாட்டாச் சொன்னான், நீ அதைப் புடிச்சுக்கிட்டே. வண்டிக்கு என்ன தெரியும், ஓட்டுறது அக்காவா தம்பியான்னு? ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலன்னா ரெண்டு பேரும் எதையோ வேற மாதிரி செய்யறாங்கன்னு அர்த்தம். ஒருத்தருக்கு ஓட்டத் தெரியலன்னு அர்த்தம் இல்ல. இதைச் சொன்னா நீ காதுல வாங்கினாத்தானே. சாவியை ஆணியில மாட்டிட்டு, எனக்கு ஓட்டுற கை போயிடுச்சு, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னுட்டே. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் இந்தப் படியில கால் வெக்கிறே.

லைட்டா? இல்ல, இன்னும் வரல. வரும், வரும். அவசரப்படாதே.

வலது பக்கம் எடு. ஆமா, மேட்டு ரோடுதான். தெரிஞ்சுதான் சொல்றேன். சுத்து ரோடு இருக்குன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா அன்னைக்கு லைட்டு எங்க வந்துச்சு? இங்கதானே? தொலைச்ச இடத்துலதானே தேடணும்.

சரி. நிறுத்து. ஓரமா நிறுத்திக்க. ஒண்ணும் அவசரம் இல்ல. இந்தா, தண்ணி குடி. மெதுவாக் குடி.

பேசக்கூடாதுன்னுதான் வீட்ல இத்தனை நாள் அந்தப் பேச்சை எடுக்கல. இப்ப ஒரே ஒரு தடவை சொல்லிடறேன், அப்புறம் வாயைத் திறக்கல. மேட்டுல சிக்னல் விழுந்துச்சு, நின்னே. பச்சை வந்துச்சு. பிரேக்ல இருந்து காலை எடுத்து ரேஸ் குடுத்தே, லைட்டு எரிஞ்சுது, வண்டி இழுக்கல. பின்னாடி உருண்டுச்சு. அந்த நேரத்துல நானா இருந்தா கண்ணை மூடிட்டு அம்மான்னு கத்தியிருப்பேன், சத்தியமா. நீ மறுபடி பிரேக்கை மிதிச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கைச் சுவர் பக்கம் ஒடிச்சு நிறுத்தினே. ஒரு காரோட மூக்கு நசுங்கிச்சு. அவ்ளோதான். ஒரு ஆளுக்குக் கீறல்கூட இல்ல. ஆனா அந்தக் கார்க்காரன் ரோட்ல நின்னு பொம்பளைக்கு எதுக்குய்யா லாரின்னு கத்தினது மட்டும் உன் மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. நீ நிறுத்தினது உக்காரல.

நான் ஓட்டவா? ஓட்டறேன், எனக்கென்ன. ஆனா எனக்கு லைட்டு வராது. சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கிறோம்.

வேணாமா? சரி. உன் இஷ்டம். மூச்சு விட்டுக்க. இண்டிகேட்டர் போடு. பின்னாடி ஒரு பஸ்ஸு, அது போகட்டும். ம், இப்ப.

ரெண்டாவது கியர். ரேஸை விடாதே. நான் பேசல.

பேசாம இருந்தா பயமா இருக்கா? அப்ப பேசறேன். என்ன பேச? நம்ம சின்னவ கணக்குப் பரீட்சைல எவ்ளோன்னு கேட்டியா? கேக்காதே. வாத்தியார் சொல்லிக்குடுத்தது சரியில்லையாம், கேள்வித்தாளும் சரியில்லையாம், அவ எழுதினது மட்டும் சரியாம். அப்படியே உன் தம்பி.

சிக்னல் சிவப்பு. விழட்டும், நல்லதுதான். நில்லு. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவன் அப்பன் வீட்டு ரோடா? பச்சை வரும், நீ நிதானமா எடு. நான் லைட்டைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ணை எடுக்கல.

பச்சை.

விடு, மெதுவா, ரேஸ் குடு. இழுக்குது பாரு. இழுக்குதும்மா. போ, போ, நேரா போ. மூணாவது போடு.

ம்.

மேடு முடிஞ்சுது. அடுத்து வந்த பாலத்தையும் தாண்டிட்டே, கவனிச்சியா? நான்தான் உள்ளங்கையைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், நீ பாட்டுக்கு நாலாவதுக்குப் போயிட்டே.

லைட்டா? வரல. வராது.

வராதுன்னா வராதுதான். போன வாரமே சரி பண்ணிட்டேன். ரோட்டைப் பாரு, என்னை அப்புறம் முறைக்கலாம்.

உங்கம்மா அன்னைக்குப் பட்டறைக்கு வந்தாங்கல்ல, நான் வீட்ல விட்டுட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் குடுக்க? பாத்தேன், அச்சு அசல் உன் உயரம். அத்தை, கொஞ்சம் இந்த வண்டில ஏறி உக்காருங்களேன்னேன். என்னை லாரி ஓட்டச் சொல்றீங்களா மாப்பிள்ளைன்னு கேட்டாங்க, ஆனா ஏறிட்டாங்க. ஆசைதான் போல. சீட்டை உன்னை மாதிரியே கடைசி வரைக்கும் முன்னாடி இழுக்கச் சொல்லி, கிளட்ச்சை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். எரிஞ்சுது. பின்னாடி தள்ளச் சொன்னேன். அணைஞ்சுது. பெடல்ல இருந்து போற வயரு சீட்டுக்கு அடியிலதான் ஓடுது. சீட்டு முழுசா முன்னாடி வந்து, ஆள் பாரமும் விழுந்தா, சீட்டோட கீழ் இரும்பு விளிம்பு வயரைக் கடிக்குது. நாங்க எல்லாம் தடியனுங்க, சீட்டைப் பின்னாடி தள்ளித்தானே உக்காருவோம், எங்களுக்கு எப்படி வரும்? நானும் மாசக் கணக்கா வண்டியைப் பிரிச்சு மேஞ்சேன், ஓட்டுற நீ எப்படி உக்காருவேன்னு பாக்கத் தோணல. வயரை வேற வழியா ஓட்டி, உறை போட்டுக் கட்டிட்டேன். உங்கம்மா இறங்கவே மனசில்லாம ஒரு ஹாரனும் அடிச்சுட்டுத்தான் இறங்கினாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு வாரமா அவங்க வாய்ல ஒரு விஷயம் நின்னிருக்கு, அதுதான் பெரிய அதிசயம்.

ஏன் சொல்லலையா? சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? என் மனசு நோகக்கூடாதுன்னு கதை கட்டறீங்கன்னு சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிருப்பே. சும்மா வா, ஓட்டுன்னு கூப்பிட்டா வந்திருப்பியா? லைட்டுன்னாத்தான் வந்தே. பொய்தான், திட்டிக்க. எனக்கு நீ அந்த வீட்டுக்குள்ள ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது தாங்கல. தெருவுல லாரிச் சத்தம் கேட்டாக்கூட எந்திரிச்சு உள்ள போயிடறே. அதைப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு இறங்குமா?

எங்க திரும்புறே? வீட்டுக்கா? இடது பக்கம் வேணாம், நேரா போ. பின்னாடி இருக்கிற மூட்டை பாரத்துக்காக ஏத்தினது இல்லம்மா. கட்டடத்து மேஸ்திரி சிமெண்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கார். லோடு உன் பேர்லதான் எடுத்திருக்கேன். அந்தப் புது டிரைவரா? அவருக்கு நேத்தே போன் பண்ணிட்டேன், எங்க வண்டிக்கு ஆள் இருக்கு, நீங்க வரவேணாம்னு.