முதலாளி வர்றார், மீன்கடையை எடு

எனக்கு முன்னாடி பேசினவங்க வளர்ச்சி, சுற்றுலா, வேலைவாய்ப்புன்னு புள்ளிவிவரமா அடுக்கிட்டாங்க. எனக்குக் கணக்கு வராது. கதைதான் வரும். சின்னதா ஒண்ணு சொல்றேன்... தலைவர் அந்த மணி மேல இருந்து கையை எடுத்தா நல்லா இருக்கும்.

மேற்கே ஒரு அணைக்கட்டு. பேரு வேண்டாம், அந்த ஊர்க்காரங்க நாலு பேர் இங்கேயே உட்கார்ந்திருப்பீங்க. அணைக்குப் போற ரோட்டோரம் பூரா மீன் வறுக்கிற கடைங்க. முதல் கடை மாதம்மாளோடது. புருஷன் பரிசல்காரர், முதுகு போய் வீட்டோட கிடக்கிறார். ரெண்டு பொண்ணுங்க படிக்குது. அத்தனையும் அந்த மீன் சட்டியிலதான் ஓடுது. மசாலா தடவின மீனை எண்ணெயில போட்டா... வாசனை வந்து கார் கண்ணாடியைத் தட்டும். அணையைப் பார்க்க வந்துட்டு அணையைப் பார்க்காமலே திரும்பினவன் உண்டு. மீனைப் பார்க்காம திரும்பினவன் இல்ல.

அரசாங்கம் ஒரு நல்ல முடிவு எடுத்தது. கிண்டல் இல்லீங்க, நிஜமாவே நல்ல முடிவு. அங்க பெரிய ஓட்டல் வரணும், ஊர்ப் பிள்ளைங்களுக்கு உள்ளூர்லயே வேலை கிடைக்கணும். கோயம்புத்தூர்ல இருந்து நந்தகோபால்னு ஒரு ஓட்டல் முதலாளி, இடம் பார்க்க வர்றேன்னு சொல்லிட்டார்.

ஏற்பாடெல்லாம் தணிகைவேலன்னு ஒரு அதிகாரி. தங்கமான மனுஷன். ஆனா பெரிய ஆள் வர்றார்னா நம்ம ஊர்ல முதல்ல என்ன செய்வோம்? சொல்லுங்க... ரோட்டோரக் கடையைத் தூக்குவோம்! அடுப்பு, சட்டி, பெஞ்சு எல்லாத்தையும் லாரியில ஏத்தியாச்சு. ரோட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு. ரெண்டு பக்கமும் பூந்தொட்டி. மீன் வாடை போக பினாயில். வர்ற காரையெல்லாம் போலீஸ் முக்குலயே நிறுத்திடுச்சு.

மாதம்மா பதறிப் போய்க் கேட்டா, நாளைக்கு நான் எங்க கடை போடறதுன்னு. அதிகாரி சமாதானம் சொன்னார். "ஓட்டல் வரட்டும்மா, அதுல உனக்கு ஒரு வேலை வாங்கித் தர்றேன்."

எப்படி? வேலை குடுக்கிறதுக்கு முதல் படியா... இருக்கிற வேலையை எடுத்தாச்சு.

கடைசி நேரத்துல பார்த்தா, ஆரத்தி எடுக்க ஆள் போதல. யாரு சும்மா இருக்கா? மாதம்மாதான் சும்மா இருக்கா. ஏன் சும்மா இருக்கா? அதை நீங்க கேட்கக் கூடாது. கையில தட்டைக் குடுத்து முன்வரிசையில நிறுத்திட்டாங்க.

முதலாளி வந்து இறங்கினார். பொட்டு வெச்சுக்கிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார்... அந்தப் பக்கம் பார்த்தார்... முகம் சுருங்கிப் போச்சு.

"ஏங்க, போன மாசம் என் பொண்ணு இந்த வழியா வந்தா. கார் நிறுத்த இடமில்லன்னு சொன்னா. அதை நம்பித்தான் வந்தேன். இங்க ஈ காக்காகூட இல்லையே?"

தணிகைவேலன் பெருமையாச் சொல்றார், "எல்லாம் உங்களுக்காகத்தான் சார் காலி பண்ணினோம்."

"ஆள் வராத இடத்துல ஓட்டலைக் கட்டி, நான் யாருக்குச் சோறு போடறது? ஏதோ மீன்கடைன்னாளே, அது எங்க?"

ஆரத்தித் தட்டுக்குப் பின்னால இருந்து ஒரு குரல்... "அது நாந்தானுங்க."

முதலாளி தட்டைப் பார்க்கிறார், அந்தம்மாவைப் பார்க்கிறார். "கடை எங்கம்மா?"

"லாரியில இருக்குதுங்க. இந்த ஐயா இறக்கிக் குடுத்தா, இப்பவே அடுப்பைப் பத்த வெச்சிருவனுங்க."

லாரி திரும்பி வந்துச்சு. சட்டிக்கு ஒரு பக்கம் மாதம்மா, இன்னொரு பக்கம் அதிகாரியே பிடிச்சு இறக்கினார். மீன் எண்ணெயில விழுந்துச்சு. முக்குல நின்ன காரெல்லாம் யாரும் கூப்பிடாமலே வந்துச்சு. கொஞ்ச நேரத்துல முதலாளி கார் வெளியே போக வழியில்ல. மனுஷன் முள்ளை எடுத்துக்கிட்டே சொன்னார், "ஓட்டல் கட்டறேன். ஆனா இந்தக் கடைங்களை யாரும் தொடக் கூடாது."

இதை ஏன் சொல்றேன்? ஓட்டல் வரட்டும், கம்பெனி வரட்டும். வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா வேலைங்கிறது வெளியூர்க்காரர் கொண்டாந்து இறக்குற சரக்கு மட்டும் இல்லைங்க. யார்கிட்டயும் மானியம் கேட்காம, தானா முளைச்ச வேலை ரோட்டோரத்துல நிக்குது. அதை நம்பித்தான் அடுத்தவன் வர்றான். அதைத் தூக்கி லாரியில போட்டுட்டு, வாங்க வாங்கன்னா... எதைக் காட்டிக் கூப்பிடுவீங்க? பூந்தொட்டியையா?

இன்னிக்கு இந்த மைதானத்து வாசலைப் பார்த்தேன். பளிச்சுன்னு இருக்கு. கூட்டம்னா வழக்கமா ஒரு சுண்டல் வண்டி நிக்குமே... எங்க போச்சு? மந்திரி வர்றார்னு எடுத்துட்டீங்களா? அந்தச் சுண்டல்காரர் வெறுங்கையோட வீட்டுக்குப் போனதும், பெண்டாட்டி கேட்கும், ஏன் சீக்கிரம் வந்துட்டீங்கன்னு. அவர் என்ன சொல்வார்?

"ஊர்ல வேலைவாய்ப்புக் கூட்டம் நடக்குது... அதனால இன்னிக்கு எனக்கு வேலை இல்ல."